இஞ்சின் பக்கம் பார்க்கிறவர்

நான் வேலைக்குப் போன கம்பெனிக்கு வழி கிடையாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. லாரிகள் போக அகலமான சாலை இருந்தது. சரக்கு ஏற்ற ஒரு தனித் தண்டவாளம்கூட மதில் தாண்டி உள்ளே வந்தது. நடந்து வருகிறவனுக்கும் சைக்கிளில் வருகிறவனுக்கும் மட்டும் ஒரு முழம் பாதை போடவில்லை. மனுஷன்தானே, எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவான் என்று விட்டுவிட்டார்கள். நாங்களும் எப்படியோ வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தோம்.

அறுபதுகளின் கடைசி. எங்கள் வீடு ராயபுரத்தில். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய கையோடு திருவொற்றியூரில் அந்தக் கம்பெனி ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். வேலை என்னவோ சுலபம்தான். போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. திருவொற்றியூர் ஸ்டேஷனில் இறங்கினால் வாசல் கிழக்கே, கம்பெனி தண்டவாளத்துக்கு மேற்கே. முறைப்படி போவதென்றால் வடக்கே ரயில்வே கேட் வரை நடந்து, அது திறக்கிற வரை காத்திருந்து, அந்தப் பக்கம் மறுபடி அத்தனை தூரமும் திரும்பி வர வேண்டும். காலை ஷிப்ட் நேரத்தில் அந்தக் கேட் திறந்திருந்து நான் பார்த்தது அபூர்வம்.

முறையில்லாத வழி ஒன்று இருந்தது. ரயில் பாதை ஓரமாகப் பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டுக் கம்பி இழுத்த வேலி உண்டு. கம்பெனிக்கு நேர் எதிரே இரண்டு துண்டுகளை யாரோ எப்போதோ பிடுங்கியிருந்தார்கள். ஹாண்டில்பாரைத் திருப்பிப் பிடித்தால் ஒரு சைக்கிள் நுழையலாம். நாங்கள் அதைச் சந்து என்றோம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜல்லிக்கல் மேல் நடந்து தண்டவாளத்தைத் தாண்டினால் எதிரே கம்பெனி.

பாதி நாள் குறுக்கே ஒரு கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருக்கும். சிக்னலுக்காக நிற்கிறதா, தூங்குகிறதா, யாருக்கும் தெரியாது. அப்போது அடியில் நுழைவோம். சைக்கிளைப் படுக்கப் போட்டு, இரண்டு பெட்டிகளை இணைக்கிற கொக்கிக்குக் கீழே தள்ளுவோம். பிறகு நாமும் குனிந்து தவழ்ந்து அந்தப் பக்கம் எழ வேண்டும். இதைக் கண்ணால் முதன்முதலில் பார்த்த அன்று நான் கேட்டுக்குத் திரும்பி நடந்தேன். இரண்டே வாரத்தில் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நானும் தவழ்ந்தேன்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். முன்னால் போனவர் அந்தப் பக்கம் எழுந்ததும் போய்விடக் கூடாது. நின்று இஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். சைகை விளக்கு, புகை, சத்தம் எதுவும் இல்லை என்றால் "ம், வா" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் வந்த பிறகுதான் அடுத்தவர் குனிவார். அவர் எழும் வரை முன்னவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், எழுந்ததும் அவருடைய முறை. எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் அதை யாரும் மீறி நான் பார்த்ததில்லை, நான் மீறும் வரை.

ஆமாம், நான்தான். அதை இனியும் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு அக்கா தினமும் மீன் கொண்டுவருவார். நாற்பது வயதிருக்கும். மேற்கே இருந்த தொழிலாளர் குடியிருப்பில்தான் அவருடைய வியாபாரம். அவர் புருஷன் சைக்கிள் கேரியரில் பெரிய கூடையைக் கட்டிக்கொண்டு முன்னால் போவார், அக்கா தலையில் சின்னக் கூடையோடு பின்னால் வருவார். அன்று காலையும் கூட்ஸ் நின்றது. வரிசையில் எனக்கு அடுத்து அந்த அண்ணன். நான் நுழைந்து அந்தப் பக்கம் எழுந்தேன். எழுந்து புடவையைத் தட்டும்போது கம்பெனிச் சங்கு ஊதியது. முந்தின வாரம்தான் தாமதத்துக்காக மானேஜர் என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சியிருந்தார். இஞ்சின் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன். "ம், வா" என்றேன். சொல்லிவிட்டு ஓடினேன்.

ஐம்பது அடி போயிருப்பேன். பெட்டிகள் ஒன்றையொன்று இழுக்கிற சத்தம் இஞ்சினிலிருந்து கடகடவென்று ஓடி வந்தது. திரும்பிப் பார்த்தேன். சைக்கிள் இந்தப் பக்கம் வந்து கிடந்தது. கேரியரிலிருந்து கழன்ற கூடை அடியில் எங்கோ சிக்கியதில் அதை எடுக்க அவர் திரும்பியிருக்கிறார். மத்தி மீன்கள் ஜல்லியில் சிதறிக் கிடந்தன. வண்டி ஒரு கஜம்தான் நகர்ந்தது, மறுபடி நின்றுவிட்டது. அந்த ஒரு கஜம் போதுமாக இருந்தது. நான் அங்கே நின்றிருந்தால் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் அவர் வெளியே பாய்ந்திருக்கலாம்.

என்னை உலுக்கியது அது மட்டுமில்லை. ஆட்கள் ஓடி வந்தார்கள், அக்காவின் ஓலம் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் கேட்டது. சங்கு இரண்டாம் முறை ஊதியதும் நாலு பெட்டி தள்ளிச் சைக்கிள்கள் மறுபடி அடியில் நுழைய ஆரம்பித்தன. நான் நடந்து போய் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு நான் தாமதமாகவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒரு நடைபாலம் கேட்டு மனு எழுத வேண்டும் என்று தொழிலாளர்கள் வந்தபோது, யாரும் கேட்பதற்கு முன்னால் நானே எழுதுகிறேன் என்றேன். இங்கிலீஷில் எழுதினேன். என் இங்கிலீஷ் மேல் எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம் உண்டு. குற்ற உணர்ச்சியும் கர்வமும் ஒன்று சேர்ந்தால் பேனா எங்கே நிற்கும்? அந்தச் சந்து ஒரு மரண வாசல், மனித உயிர் மேல் அக்கறை உள்ள எந்த அரசும் அதை ஒரு நாளும் பொறுத்துக்கொள்ளாது என்று முதல் பத்தி முழுக்கப் பொரிந்து தள்ளினேன். பாலம் நாலாவது பத்தியில்தான் வந்தது. சைக்கிளைத் தள்ளி ஏற்றச் சரிவு வேண்டும் என்பதுகூட எழுதினேன். குப்பத்துக்குப் போனபோது அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் முதல் கைநாட்டை வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்று நான் ஓடியதை அவர் பார்த்தாரா என்று அந்தப் பார்வையிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை போனால் சந்து இல்லை. புதுத் தண்டவாளத் துண்டுகள், ஆள் உயரத்துக்கு முள்கம்பி, சிமென்ட் இன்னும் ஈரம். வேலிக்கு முன்னால் சைக்கிள்கள் குவிந்து நின்றன. கேட்டுக்கு ஓடிச் சுற்றி வந்தவர்களுக்கு அரை நாள் சம்பளம் போயிற்று. அந்த வாரமே ஆபீஸ் விலாசத்துக்கு என் பெயரில் பதில் வந்தது. எந்த அலுவலகம் என்று இப்போது சொல்லி ஆகப் போவது ஒன்றுமில்லை. தாங்கள் புகார் செய்த திறப்பு அடைக்கப்பட்டுவிட்டது, இத்துடன் இந்த விஷயம் முடிந்ததாகக் கருதப்படுகிறது. இரண்டே வரி. பாலத்தைப் பற்றி மூச்சில்லை. என் முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு, கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள்.

என்னை அறைந்த மாதிரி இருந்தது. ஒரு ஆளைக் கொன்றது போதாதென்று இத்தனை பேர் வழியையும் அடைத்துவிட்டேனே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அந்த அலுவலகத்தை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி ஏசினேன். பிறகு இன்னொரு மனு அடித்தேன். பாலம் வரும் வரை அந்தச் சந்து வழியைத் திறந்து வையுங்கள் என்று. இந்தத் தடவை ஒரே பத்தி. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் இடத்தை அக்காவுக்காகக் காலியாக விட்டுக் குப்பத்துக்கு எடுத்துப் போனேன். பாவம், தலைச் சுமையோடு தினமும் கேட் வரை சுற்றுகிறவர் அவர். இதற்கு ஓடி வந்து கைநாட்டு வைப்பார் என்று நினைத்தேன்.

அக்கா மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். நான் படித்துக் காட்டியதைக் கடைசி வரை கேட்டார். பிறகு, கைநாட்டு வைக்கக் கையைக் கழுவப் போவதில்லை என்றார்.

"அடைக்கச் சொன்னது நான்தான் பாப்பா."

எனக்குப் புரியவில்லை. மனுவில் முதல் கைநாட்டு யாருடையது என்று ஒரு ஆபீசர் தேடிக்கொண்டு வந்தாராம். பாலத்துக்கு வருஷக்கணக்காகும், அதுவரை அந்த இடத்தை என்ன செய்வது என்று கேட்டாராம்.

"பாலம் வருமோ வராதோ, எனக்கு இன்னா தெரியும். அடைக்கிறது ஒரு நாளு வேலை. அதயாவது இன்னிக்கே செய்யின்னேன்" என்றார் அக்கா. "உங்களுக்கெல்லாம் பேஜாருதான். எனக்கும் கழுத்து வலிக்கிது. ஆனா மூணு மாசத்துக்கு அப்புறம் இப்பதான் ரெண்டு வாரமா நான் தூங்குறேன்."

சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அன்று நான் ஓடியதைச் சொல்லாமலே மனுவை மடித்துக்கொண்டு திரும்பினேன். அதை நான் அனுப்பவில்லை.

அனுப்பத் தேவையும் இல்லாமல் போயிற்று. ஒரு மாதத்துக்குள் நூறடி தெற்கே முள்கம்பியை யாரோ வெட்டி, ஒரு துண்டைச் சாய்த்துவிட்டார்கள். புதுச் சந்து. தண்டவாளம் அங்கே வளைவதால் இஞ்சின் சரியாகத் தெரியாது, பழையதைவிட மோசம். நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று கேட் வழியாகவே போனேன். எத்தனை நாள்? சரியாக ஐந்து வாரம். ஒரு காலை ரயில் தாமதம், கேட் மூடியிருந்தது, மானேஜரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. திரும்பி நடந்து புதுச் சந்தில் நுழைந்தேன். கூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. முன்னால் போனவர் யாரும் இல்லை. எனக்குப் பின்னால் ஒருவர் சைக்கிளோடு நின்றார்.

குனிந்து பார்த்தேன். அந்தப் பக்க மண்பாதையில் இரண்டு கால்கள் வந்துகொண்டிருந்தன. கேட்டைச் சுற்றி வந்த மீன்காரக் கால்கள். அவை நின்றன. கூடை தரையில் இறங்கியது. என் முகம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு அடி தள்ளிப் போய், வளைவு தாண்டித் தெரிகிற இடத்தில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு இஞ்சின் பக்கம் பார்த்தார்.

"ம், வா."

தவழ்ந்து எழும் வரை அவர் பார்வை அங்கிருந்து திரும்பவில்லை. எழுந்ததும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கூடையைப் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு அண்ணனுக்கு முன்னால வந்தது நான். நிக்காம ஓடிட்டேன்."

"பொட்டிக்கு அடியில பார்த்துகினுதான் இருந்தேன்" என்றார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என் மனுவில் அவர் கைநாட்டு வைத்தபோதும், எனக்கு எதிரே மீனுக்கு உப்புத் தடவியபோதும் இது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார். கம்பெனிச் சங்கு ஊதியது.

"சங்கு ஊதிச்சி. ஓடு" என்று சொல்லிவிட்டுக் குடியிருப்புப் பக்கம் நடந்தார்.

கொக்கிக்கு அடியில் ஒரு சைக்கிள் சக்கரம் எட்டிப் பார்த்தது. நான் அக்கா நின்ற இடத்துக்குப் போய், கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, இஞ்சின் பக்கம் பார்த்தேன். சைக்கிள்காரருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்கும் பின்னால் இன்னும் நாலு பேர். அன்றைக்குத் தாமதமாகிவிட்டது.