விமானங்கள் உறங்கும் ஊர்

ஒரு விடுகதை போடுகிறேன். பகல் முழுவதும் ஊர் ஊராகச் சுற்றும். இருட்டியதும் ஒரே முற்றத்துக்கு வந்து படுக்கும். வேறொரு முற்றத்தில் வாடகை குறைவென்று கேள்விப்பட்டால், அடுத்த பருவம் அங்கே போய்ப் படுக்கும். அது என்ன?

எங்கள் கடைக்கு வந்த ஒருவர் சற்று யோசித்துவிட்டு, “என்ர மருமகன்” என்றார். அதுவல்ல. ஐரோப்பாவுக்குள் பறக்கும் மலிவு விமானம்தான் விடை.

விமானப் பயணச்சீட்டு, எங்கள் பேச்சில் ரிக்கற், விற்கிறவர்கள் தாங்கள் ஒருநாளும் போகாத ஊர்களைப் பற்றித்தான் அதிகம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். திருகோணமலையில், துறைமுகப் பக்கம் இறங்கும் ஒரு வீதியில் உள்ள சின்ன ரிக்கற் கடையில் பத்தொன்பது வருடமாக நான் செய்வது அதுதான். கிண்ணியாவிலிருந்து வரும் பாயிஸ் பக்கத்து மேசையில் இருக்கிறார். இரண்டு பேரிடமும் கடவுச்சீட்டு உண்டு. இரண்டிலும் ஒரு முத்திரைகூட இல்லை. கவுண்டருக்குப் பின்னால் இருந்துகொண்டு அடுத்தவரின் பயணத்துக்குப் பொறுப்பேற்றவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லப்போகும் கதைகளில் ஒன்றாவது நடந்திருக்கும்.

ஊர்ப் பெயர்

கிளிவெட்டியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். அறுபது வயது தாண்டியவர். ஐரோப்பாவில் இருந்த அவருடைய தம்பி முதல்நாள் இறந்துவிட்டார். தம்பி நோயில் கிடந்தபோதே போய்ப் பார்ப்பதற்கென்று எடுத்த விசா கையில் இருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அடக்கம். தம்பி இருந்த நகரத்துக்கு நேரே போகும் விமானங்களில் இடமில்லை. ஆகவே அருகிலுள்ள பெரிய நகரம் வரை ஒரு ரிக்கற்றும், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மலிவு விமானத்தில் இன்னொரு ரிக்கற்றும் போட்டுக் கொடுத்தேன். காலை ஏழரைக்கு இறங்குவார். ரிக்கற்றில் நகரத்தின் பெயர் தெளிவாக இருந்தது.

எனக்கு அப்போது தெரியாத விஷயம் இது. எந்த நகரத்திலும் பெரிய விமான நிலையத்தில் இறங்கக் கட்டணம் அதிகம். இறங்குவதற்கும் ஏறுவதற்கும் வரிசையில் காத்திருக்கவும் வேண்டும். மலிவு விமானம் காத்திருக்காது. இறங்கி, ஆட்களை இறக்கி, வேறு ஆட்களை ஏற்றி, அரை மணி நேரத்துக்குள் திரும்பப் பறந்தால்தான் அதற்குக் கட்டுபடியாகும். அதனால் எங்கேயாவது வெளியில், பழைய படை முகாம் ஒன்றின் ஓடுபாதையில் இறங்கும். அந்த ஓடுபாதைக்கு நகரத்தின் பெயரை வைத்திருப்பார்கள். தம்பியின் நகரம் அங்கிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தது. பஸ் பிடித்து, இடம் மாறி இறங்கி, அவர் மயானத்துக்குப் போனபோது மதியம் தாண்டிவிட்டது. மண் மூடியாகிவிட்டது.

திரும்பி வந்ததும் கடைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் ரிக்கற்றை விரித்து மேசையில் வைத்து, ஊர்ப் பெயரின் கீழே விரலை வைத்தார். “பிள்ளை, பேர் சரியாத்தான் போட்டிருக்கு. நான் உங்களைக் குறை சொல்ல வரேல்லை, எங்க பிழை விட்டனான் எண்டு கேக்கத்தான் வந்தனான்.”

மீன் லொறி

அதன் பிறகு ஒரு கொப்பி போட்டேன். ஐரோப்பாவில் மலிவு விமானம் இறங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம். நகரம் எவ்வளவு தூரம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இரவில் அங்கே எத்தனை விமானம் தங்குகிறது என்று எழுதிவந்தேன். அந்தக் கொப்பியில் ஒரு பக்கம் ரெஜினாவுடைய குடும்பத்துக்குரியது.

ரெஜினா சாம்பல்தீவைச் சேர்ந்தவர். கரையில் மீன் தரம் பிரித்து, மிஞ்சியதைக் கருவாடு போடுகிறவர். கணவர் அன்ரன் எட்டு வருடமாக ஐரோப்பாவில் இருக்கிறார். நாட்டின் பெயரை எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். ஒரே பிள்ளை மெலனிக்குப் பன்னிரண்டு வயது. தகப்பனைக் கடைசியாகக் கண்டது நான்கு வயதில். அன்ரனுக்கு வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது. இனி மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை. மூன்று பேர் சீவிப்பதற்குப் போதுமென்று அந்த நாடு குறித்து வைத்திருக்கும் தொகையை அவருடைய கடைசி ஆறு மாதச் சம்பளத் தாள்களும் எட்ட வேண்டும். விண்ணப்பம் நிரப்புவது எங்கள் கடையின் வேலை.

அன்ரன் ஒரு சிறிய விமான நிலையத்தில் மலிவு விமானங்களின் உட்பக்கத்தைத் துப்புரவு செய்கிறார். “அந்தச் சின்ன ஊரில ஏன் மிஸ் பிளேன் வந்து நிக்குது?” என்று மெலனி கேட்டாள். பழைய படிவமொன்றின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினேன். ஐந்து விமானம் அங்கே இரவில் தங்குகிறது. விமானிகளும் பணிப்பெண்களும் அந்த ஊரிலேயே குடியிருக்கிறார்கள். விடிய ஐந்தும் கிளம்பி, நாலு ஊர் போய்வந்து, இரவு திரும்பிவிடும். வேலையாட்கள் தங்கள் வீட்டிலேயே படுப்பதால் ஹோட்டல் செலவில்லை. ஓர் ஊரைத் தெரிவுசெய்யும்போது இரண்டு மணி நேர வாகன ஓட்டத்துக்குள் போதிய சனம் இருக்கிறதா, ஓடுபாதை காலியாகக் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊர்ச் சபை என்ன விட்டுக்கொடுக்கிறது என்று பார்ப்பார்கள். பயணிகள் வந்தால் கடைத்தெரு பிழைக்கும் என்று ஊர்ச் சபைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கட்டணத்தைக் குறைக்கும்.

ரெஜினா படத்தை எட்டிப் பார்த்தார். “அப்ப எங்கட மீன் லொறி மாதிரித்தான் மிஸ். ஐஸ் சும்மா குடுக்கிற கரையிலதான் நிப்பான். குச்சவெளியில ரெண்டு பெட்டி ஐஸ் கூடக் குடுத்தா, அடுத்த நாள் எங்கட கரையில லொறி இல்லை.”

சீனக்குடா

பாயிஸ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடுபாதை காலி, கட்டணம் இல்லை, வரிசை இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவர் விரல் மடித்து எண்ணினார். எங்கள் ஊரில் சீனக்குடாவில் ஓர் ஓடுபாதை இருக்கிறது. பெரிய விமானங்கள் அங்கே வருவதில்லை. ஐரோப்பாவுக்குப் போக நாங்கள் பஸ் ஏறித் தீவின் மறுகரைக்குப் போக வேண்டும்.

“அக்கா, அந்தக் கொம்பனிக்கு ஒரு கடிதம் போடுங்க. சீனக்குடாவில வந்து படுக்கட்டும். நான் பாயும் தலகாணியும் கொண்டுபோய்ப் போட்டுக் குடுக்கிறன்.”

மெலனி சிரித்த சத்தத்தை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

கோடைச் சம்பளம்

ஜனவரியில் ரெஜினா ஆறு தாள்களையும் கொண்டுவந்தார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குளிர்காலத்தில் விடுமுறைக்குக் கடற்கரை ஊர்களுக்குப் பறக்க அங்கே ஆளில்லை. விமானக் கொம்பனி பல வழித்தடங்களை நிறுத்திவிடும். ஐந்து விமானம் மூன்றாகும். அன்ரனுக்கு வேலை நேரம் குறையும். ஆறு தாளில் மூன்று, அந்த நாடு குறித்த தொகைக்குக் கீழே இருந்தன. ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை எடுத்தால் ஆறும் தொகைக்கு மேலே இருக்கும். அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை. ஏதோ ஒரு பரீட்சையில் கடினமான கணக்கைச் செய்துவிட்ட மாதிரி.

“பொறுங்கோ. கோடைத் தாள் ஆறும் வரட்டும். அப்ப குடுத்தா ஒருத்தரும் கேள்வி கேக்க ஏலாது” என்றேன்.

ரெஜினாவுக்குப் பொறுக்க விருப்பமில்லை. இப்பவே கொடுத்துவிட்டால், குறைந்த மாதங்களுக்கு விளக்கம் எழுதலாமே என்றார். அது சரியான யோசனைதான். சில அதிகாரிகள் விளக்கத்தை ஏற்பதுண்டு. ஆனால் ஒருமுறை மறுத்தால் அடுத்த முறை கடினம் என்று நான்தான் வற்புறுத்தினேன். அவர் தாள்களைப் பொலித்தீன் பையில் திரும்பப் போட்டு, பையின் வாயை மடித்தார். “நீங்கள் சொன்னாச் சரி மிஸ். பிளேன்ர போக்கு உங்களுக்குத்தானே தெரியும்.”

வெள்ளையாய்க் கிடந்த நவம்பர்

ஜூலையில் வேறொருவர் நவம்பர் பயணத்துக்கு விலை கேட்டு வந்தார். அவருடைய மகனும் அன்ரன் இருக்கும் பக்கம்தான். கணினியில் அந்த விமான நிலையத்தைத் தெரிவுசெய்தேன். ஓகஸ்ற் மாதத்தில் எல்லா நாளுக்கும் விலை இருந்தது. செப்ரெம்பரிலும் இருந்தது. ஒக்ரோபர் கடைசிச் சனிக்கிழமை வரை இருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாளுக்கும் விலையில்லை. மாதம் முழுவதும் வெள்ளையாய்க் கிடந்தது.

இணையம் பழுதென்று நினைத்தேன். பாயிஸின் கணினியிலும் பார்த்தோம். அதேதான். குளிர்கால அட்டவணை இன்னும் வரவில்லையோ என்று, அதே கொம்பனி தங்கும் வேறு ஊர்களைத் தட்டிப் பார்த்தேன். மற்ற எல்லா ஊர்களுக்கும் மார்ச் வரை விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்போது விளங்கியது. ஓர் ஊரை விட்டுப் போகப்போகும் விமானக் கொம்பனி அதை முதலில் வாயால் சொல்லாது. முதலில் விற்பதை நிறுத்தும். அந்த விமான நிலையம் கட்டணத்தைக் கூட்டப் போவதாக ஏப்ரலில் ஒரு செய்தி வாசித்து, அதை என் கொப்பியில் என் கையாலேயே எழுதியும் இருந்தேன். எழுதினேனே தவிர, ரெஜினாவின் தாள்களோடு சேர்த்து யோசிக்கவில்லை.

அன்ரனுக்கு அழைத்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். “இல்லை மிஸ், இஞ்ச அப்பிடி ஒரு கதையும் இல்லை. நேற்றுத்தான் எங்களுக்குப் புதுச் சீருடை தந்தவங்கள்.”

யாருடைய ஆள்

மூன்று வாரத்தில் அறிவிப்பு வந்தது. ஐந்து விமானமும் வேறொரு நாட்டில், கட்டணம் குறைந்த ஓர் ஊருக்குப் போகின்றன. விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் அங்கே வேலை தருவார்களாம். அன்ரனும் கேட்டுப் பார்த்தார். அவர் விமானக் கொம்பனியின் ஆள் இல்லை, துப்புரவை ஒப்பந்தத்துக்கு எடுத்த கொந்தராத்துக்காரரின் ஆள் என்றார்கள். கொந்தராத்துக்காரர் அந்த ஊரில் வேலை முடிந்தது என்றார். கூடப் போனாலும் பயனில்லை. அவருடைய அனுமதி இப்போது இருக்கும் நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும்.

செப்ரெம்பர் முடிவில் கோடைத் தாள்கள் ஆறும் என் மேசைக்கு வந்தன. ஆறும் தொகைக்கு மேலே. ஆனால் விண்ணப்பத்தோடு, வேலை தொடரும் என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதமும் வைக்க வேண்டும். அந்தக் கடிதத்தைத் தர ஆளில்லை. ஜனவரியில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அன்ரனிடம் அதைச் சொல்லி, பிழை என்னுடையது என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. “ஆறு வருசம் ஒவ்வொரு சீற்றா அந்தப் பிளேனைத் துடைச்சனான் மிஸ். இப்ப கேட்டா, அதுக்கு என்னைத் தெரியாதாம்.”

படிவத்தில் ஒரு பெயர்

அன்ரனுக்குப் பக்கத்து ஊர் ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் அரைநாள் வேலை கிடைத்தது. ஆறு மாதம் பொறுத்துத் தாள்களைச் சேர்த்தோம். அந்தச் சம்பளம் மூன்று பேருக்குப் போதாது. அவருக்கும் இன்னும் ஒருவருக்கும் போதும். ஒருவரை முதலில் கூப்பிடலாம், வருமானம் கூடினால் மற்றவரைப் பிறகு கூப்பிடலாம் என்று அங்குள்ள ஆலோசகர் சொல்லிவிட்டார். அந்தப் பிறகு எப்போது என்று அவர் சொல்லவில்லை.

ரெஜினாவும் மெலனியும் கவுண்டருக்கு முன்னால் கதிரைகளில் இருந்தார்கள். கைத்தொலைபேசி மேசை நடுவில், எல்லோருக்கும் கேட்கும்படி இருந்தது. படிவத்தில் பெயர் எழுதும் கட்டம் வெறுமையாக இருந்தது.

“பிள்ளை முதல் வரட்டும்” என்றார் அன்ரன். “இஞ்ச பள்ளிக்கூடம் நல்லம்.”

“ஓம், அவள் போகட்டும். நான் என்ர அக்காவோட நிப்பன்” என்றார் ரெஜினா. பிள்ளையின் பக்கம் திரும்பவில்லை.

நான் பேனையை எடுத்தேன். மெலனி என்னைப் பார்த்தாள்.

“மிஸ், நான் போனா அங்க வேலை செய்ய விடுவாங்களா?”

“இல்லை. பள்ளிக்கூடம்தான்.”

“அம்மா போனா?”

“அம்மா செய்யலாம்.”

“பிறகு என்னைக் கூப்பிடேக்க ரெண்டு பேற்ற சம்பளத் தாளையும் சேர்த்துக் காட்டலாமா?”

“காட்டலாம்.”

“விசர்க்கதை கதையாதை பிள்ளை” என்றார் ரெஜினா. படிவத்தின் மேல் கையை வைத்து மறைத்தார்.

“ஹலோ, என்ன சத்தத்தைக் காணேல்லை? கேக்குதோ?” என்றார் அன்ரன்.

“கேக்குது அப்பா. நான் பெரியம்மாவோட நிப்பன்.”

பாயிஸ் எழுந்து வெளியே போனார்.

ஐரோப்பாவில் ஓர் ஓடுபாதையின் கட்டணம் கூடினால் சாம்பல்தீவில் ஒரு பிள்ளை கணக்குப் பார்க்க வேண்டி வரும் என்பதை எந்தக் கால அட்டவணையிலும் போட்டிருப்பதில்லை. மெலனி தாயின் பெயரை எழுதச் சொன்னாள்.