சேவலுக்குப் பூப் போட்டுப் பார்த்தோம்

உயிருள்ளதைப் பார்த்து வரையாதவரை யாருக்கும் கை வராது என்று வகுப்பில் சவடால் விட்டவள் நான்தான். சிலிபினில் ஒரு மண்டபத்தின் பின்னறையில், ஞாயிறு காலைகளில், பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒன்றாக உட்கார வைத்துக் கரித்துண்டு ஓவியம் சொல்லித் தருகிறேன். அடுத்த வாரமே, லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் செவலைச் சேவலைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. போத்தலையும் ரம்புத்தான் பழத்தையும் வரைந்து அலுத்துப்போன கூட்டம் அது. சேவல் தலையைத் திருப்பும்போதெல்லாம் "ஐயோ!" என்று மொத்த வகுப்பும் அலறியது. நானும் சேர்ந்து அலறினேன்.

அண்ணன் வரைந்தது மட்டும் காலண்டர் சேவல். கொண்டை, அலகு, வால் எல்லாம் மனப்பாடம்.

"தாளையே பார்த்தா எப்படிண்ணே? அதைப் பாருங்க!" என்று கத்தினேன். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

மூன்றாம் ஞாயிறு அவர் தலை நிமிரவும் குனியவுமாகவே இருந்தது. எட்டிப் பார்த்தேன். இடது கண்ணோரம் சின்னத் தழும்பு, கொண்டையில் ஒரு பல் குறைவு, சந்தேகத்தோடு சாய்ந்த கழுத்து. அச்சு அசலாக அதே சேவல்! சந்தோஷம் தாங்காமல் மேசையை ஓங்கித் தட்டினேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"டீச்சர், இது முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டது. சம்சாரத்துக்கு ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சா வெட்டுறேன்னு வேண்டிக்கிட்டேன். நல்லாயிட்டா. அடுத்த ஞாயிறு வெட்டணும்." கரி படிந்த விரலால் படத்தைக் காட்டினார். "இப்படிப் பார்க்க வச்சிட்டீங்களேலா. இனி எப்படி வெட்டுறது? வெட்டாம விட்டு, அவளுக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா?"

வகுப்பில் இருந்த ஓர் அக்காதான் வழி சொன்னார்: "சாமிகிட்டயே பூப் போட்டுக் கேட்டுருவோம்லா."

மறு ஞாயிறு நான்கு காரில் போனோம். கோப்பெங் பக்கம் பழைய ரப்பர் தோட்டம். மரமெல்லாம் இப்போது செம்பனை, முனியாண்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறார். சிவப்புப் பூ வந்தால் வெட்டு, வெள்ளை வந்தால் உயிரோடு கோயிலில் விட்டுவிடலாம் என்றார் பூசாரி. அண்ணன் படத்தைச் சாமி முன்னால் வைத்தார். பூசாரி அதைக் கையில் எடுத்தார். படத்தைப் பார்த்தார், கூடைக்குள் குனிந்து சேவலைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெற்றிலையில் இரண்டு பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் போட்டார்.

வகுப்பிலேயே சின்னவளான ஏழு வயதுக்காரி ஒன்றை எடுத்தாள். பிரித்தாள்.

வெள்ளை!

நாங்கள் போட்ட கூச்சலில் சேவலே மிரண்டு கூடையைத் தாண்டிக் குதித்தது. அண்ணன் அழுதுகொண்டே மனைவிக்குப் போன் போட்டார். மொத்த வகுப்பும் சேவலுக்குப் பின்னால் ஓடியது.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கீழே கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். அதற்குள்ளும் வெள்ளைப் பூ.

நிமிர்ந்தேன். பூசாரி கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"குப்பைய இப்படிக் குடுங்க டீச்சர்."