மிராசுதாரின் தளபதி

என் டைரிக் குறிப்பில் 'தை, செவ்வாய்' என்று இருக்கிறது. தேதி மழையில் கரைந்துவிட்டது. நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்திருந்த சமயம். தாலுகா கச்சேரியில் நானும் ஒரு மிராசுதாரும் விசாரணைக்குக் காத்திருந்தோம். உயரமான, ஒல்லியான மனிதர். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து, துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு உட்காருவார். பத்திரிகையில் ராஜா கதை எழுதுபவர் என்று தெரியும்.

அவரை அழைத்தார்கள். தாசில்தாரின் குரல் வெளியே கேட்டது.

"உபரி நிலத்தைப் பத்துப் பேருக்கு எழுதிவச்சிருக்கீங்க. எல்லாரும் உங்க கதையில வர்ற மந்திரிங்க, தளபதிங்க ஆச்சே! நானும் வாராவாரம் படிக்கிறேங்க. ராஜாவை ஏன் விட்டுட்டீங்க?"

"அவசரத்துல வாயில வந்த பேரைச் சொல்லிட்டேங்க. ஆனா தளபதி மட்டும் நிஜமான ஆளு. என் வயல்ல பாடுபடுறவன். அவனுக்கு எழுதுனதை மட்டும் எடுத்துடாதீங்க."

"அப்ப ஆளைக் கூட்டிட்டு வாங்க."

மிராசுதார் வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனார். சாயங்காலம் ஒரு பண்ணையாளுடன் திரும்பினார். பெயரைக் கேட்டதும், அந்த ஆள் மிராசுதாரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

ஒன்பது பேரின் நிலம் போனது. தளபதியின் நிலத்தை இன்றும் அந்தப் பண்ணையாளின் பிள்ளைகள்தான் உழுகிறார்கள். அன்று அந்த ஆள் சொன்னது அவருடைய சொந்தப் பெயர்தானா என்பதை மட்டும் என்னால் சரிபார்க்க முடியவில்லை.