கோமளா ஓட்டிப் பார்த்த பிக்கப்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் உள்ள சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளில் தையல் மெஷின் நின்றுபோனால் முதல் போன் கோமளாவுக்குத்தான் போகும். பதினாறு வருடங்களுக்கு முன்னால் அவளும் ஒரு கம்பெனியில் டெய்லராக இருந்தவள். மெக்கானிக் வந்து மெஷினைத் திறந்தால் மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். கோமளா மட்டும் பக்கத்தில் நின்று, "இந்தக் கொக்கி ஏனுங்க ஊசிக்கு அவ்வளவு கிட்ட வருது?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டுக் கேட்டே தொழிலைக் கற்றுக்கொண்டாள். "பொம்பளைக்கு எதுக்கு ஸ்பேனரு?" என்று சிரித்த முதலாளி ஒருவர், ஷிப்மெண்ட் நாளன்று அவளையே கூப்பிட வேண்டியதாயிற்று.

போன வருடம் அவளுடைய மொபெட் வேலைக்குப் போதாமல் போனது. பழுதான மெஷினை எடுத்துவர ஒவ்வொரு முறையும் வாடகை டெம்போவுக்குக் காத்திருந்தாள். மடத்துக்குளத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கக் குடும்பத்தோடு போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். முன்னால் ஐந்து பேர் உட்கார இடமும் பின்னால் திறந்த தொட்டியுமாக ஒரு பிக்கப் அவிநாசி ரோட்டில் அவளைக் கடந்து போனபோது, இரண்டுக்கும் இது ஒன்றே போதுமே என்று தோன்றியது. லைசென்ஸ் எடுத்து மூன்று வருடமாகிறது. அண்ணனின் பழைய காரில் ஓட்டிப் பழகியிருந்தாள்.

ஷோரூமில் சுரேந்தர் என்ற விற்பனையாளர் வந்தார்.

"தினமும் ஓட்டுனா எப்படீங்க இருக்கும்?"

"சூப்பரா இருக்குமுங்க மேடம். மலையே ஏறுமுங்க."

"நான் மலைக்குப் போறதில்லீங்க. நெருப்பெரிச்சல் சந்துக்குள்ள போவேன். அங்க ஓட்டிப் பாக்கோணும்."

சுரேந்தர் மேனேஜரிடம் கேட்டுவிட்டு வந்து, ஒரு சனிக்கிழமை காலையில் வண்டியைக் கொடுத்து, தானும் கூட ஏறிக்கொண்டார். கோமளாவின் கணவன் பிரதீப்பும் மகள் பூங்குழலியும் வந்திருந்தார்கள்.

முதல் அரைமணி நேரம் கோமளா ஓட்டினாள். உயரமான சீட்டிலிருந்து ரோடு தெளிவாகத் தெரிந்தது; ஸ்டியரிங்கும் லேசாக இருந்தது. பிறகு பிரதீப்பை ஓட்டச் சொல்லிவிட்டு, கையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். முதல் வேகத்தடையிலேயே பாதித் தண்ணீர் மடியில் கொட்டியது.

"என்ன புள்ள பண்ற?" என்றான் பிரதீப்.

"பேசாம ஓட்டுங்க. பூங்குழலி தினமும் இங்கதான உக்காரப் போறா?"

வீட்டுக்கு வந்ததும், பழுதுபார்க்கும் ஷெட்டில் மாற்றாக வைத்திருந்த மூன்று மெஷின்களை மேசையோடு தொட்டியில் ஏற்றச் சொன்னாள். மறுபடியும் டம்ளரை நிரப்பிக்கொண்டு அதே வேகத்தடைக்குப் போனார்கள். இந்தத் தடவை சிந்தியது சில சொட்டுகள்தான்.

"அதெப்புடீங்க, பாரம் ஏத்துனா சொகுசா போகுது?"

"பின்னாடி இருக்கறது லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங்குங்க அக்கா. எடைக்குன்னே செஞ்சது. காலியா போனா தூக்கிப் போடத்தான் செய்யும்" என்றார் சுரேந்தர். மேடம் எப்போது அக்கா ஆனார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

திரும்பும்போது கோமளா ஓட்டினாள். வீட்டுச் சந்தின் முனையில், முதல் தடவையைப் போலவே, வண்டி ஒரே மூச்சில் திரும்பவில்லை. பூங்குழலி இறங்கி நின்று, "ரைட்ல ஒடிங்கம்மா, இன்னும் கொஞ்சம்" என்று கை காட்ட, மூன்று தடவை முன்னும் பின்னும் போய்த்தான் உள்ளே நுழைந்தது. அந்த நேரம் பார்த்து, அவள் வாடிக்கையாக வேலை பார்க்கும் லிங்கசாமியின் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மெஷின் ஒன்று நின்றுவிட்டது, சாயங்காலம் சரக்கு போக வேண்டும். கோமளா சுரேந்தரைப் பார்த்தாள். அவர் தயங்கிவிட்டு, "போலாமுங்க" என்றார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மெஷின்கள் திறந்த தொட்டியில் கிடந்தன. பதறி வண்டியை ஓரங்கட்டினாள். வழியில் இருந்த ஒரு கம்பெனியில் பாலிதீன் கவர்களை வாங்கிவந்து, நால்வரும் நனைந்தபடியே சுற்றிக் கட்டினார்கள். லிங்கசாமியிடம் மாற்று மெஷினை இறக்கியதும் பத்து நிமிடத்தில் தையல் ஓட ஆரம்பித்தது. மழை விட்டதும், தொட்டியின் பின்கதவைக் கீழே சாய்த்து மேசையாக்கி, நின்றுபோன மெஷினை அங்கேயே கழற்றிப் பார்த்தாள். இடுப்பு உயரம், குனிய வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் போன மாத வேலைகளை நினைவுபடுத்திப் பார்த்தாள். மெஷின் தூக்கிய நாட்கள் ஒன்பதுதான் தேறின. மற்ற நாட்களில் வண்டி காலியாகக் குலுங்கிக்கொண்டுதான் போகும்.

"அப்ப காரே வாங்கிரலாமா?" என்றான் பிரதீப்.

"இல்லீங்க. இதைக் காலியா விடாம இருந்தாப் போதும்."

இரண்டு மாற்று மெஷின்களையும் டூல் பெட்டியையும் தொட்டியில் நிரந்தரமாகவே வைத்துவிடலாம், மேலே பூட்டுப் போடும் மூடி மாட்டலாம் என்று யோசனை சொன்னாள். வேலை வண்டியோடு போகட்டும், பழுதான மெஷினை ஷெட்டுக்கு எடுத்து வருவானேன்?

வண்டி வாங்கி ஐந்து மாதமாகிறது. சந்துக்குள் தினமும் திருப்ப முடியாமல், மெயின் ரோட்டில் தெரிந்த ஒரு கம்பெனி வாசலில்தான் நிறுத்துகிறாள். அங்கிருந்து வீட்டுக்கு ஆறு நிமிட நடை. மழைநாளில் அது அவளுக்கு எரிச்சல்தான்; ஆனாலும் டெம்போவுக்குக் காத்திருப்பது நின்றுவிட்டது. இப்போது தொலைவில் பொங்கலூர்ப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் இரண்டு யூனிட்டுகளுக்கும் அவள்தான் மெக்கானிக்.