கியர்பொக்ஸைத் திறக்கவிடாதவன்

ஐந்து ஏக்கர் பற்றைக் காட்டை வெட்டி வயலாக்கினேன். கீழே கல் என்று கிணறு வெட்டுகிறவர்களே கைவிட்டுப் போன கிணற்றை நானே இறங்கித் தண்ணீர் காணும்வரை வெட்டினேன். ஒரே வளவுக்குள் மூன்று தரம் வீடு கட்டினேன். முதல் இரண்டும் யுத்தத்தில் போயின, மூன்றாவது நிற்கிறது. மீள்குடியேறி வந்த வருடம், துருப்பிடித்துக் கிடந்த மூன்று உழவு இயந்திரங்களைப் பிரித்து ஓடுகிற ஒன்றாகப் பூட்டினேன். பிறகு நெல்லுக் குத்துகிற மில் போட்டேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தத் தை மாதம் எங்கள் காரில் நடந்த ஒரு காரியத்தை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். ஒருவருடைய கதையிலும் நான் இல்லை.

கார் இருபது வயது தாண்டிய ஜப்பான் கார், கியர் தானாகவே மாறுகிற ஓட்டோ கியர். ஓட்டுவது என் மருமகள். மகன் கட்டாரில். அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு ரோட்டால் போய் உள்ளுக்குத் திரும்ப வேண்டும். பஸ் இருக்கிறது, மணி அடித்த பிறகுதான் அங்கே போய்ச் சேரும். கார் இல்லையென்றால் அவள் பள்ளிக்கூடத்தடியில் அறை எடுத்துத் தங்க வேண்டும், மூன்று வயதுப் பேத்தி எங்களோடு நிற்க வேண்டும். தாயை விட்டு ஒரு இரவு படுக்காத பிள்ளை அது.

ஒரு நாள் பின்னேரம் மருமகள் வந்து கார்த் திறப்பை மேசையில் வைத்தாள்.

"மாமா, கார் இண்டைக்கு யோசிச்சு யோசிச்சுத்தான் ஓடினது."

"யோசிக்குதோ? அப்ப உங்கட பள்ளிக்கூடத்தில சேர்த்துவிடு, பிள்ளை."

"பகிடி இல்லை மாமா. முன்னுக்கு மூண்டு லைட் பத்தினபடி நிக்குது."

போய்ப் பார்த்தேன். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று, பிரேக்குக்குரிய மஞ்சள் விளக்கு ஒன்று, கியருக்குரியது கண் சிமிட்டிக்கொண்டு மூன்றாவது. ஓட்டிப் பார்த்தால் முதலாம் கியரில் இரைந்துகொண்டே நிற்கிறது. இரண்டுக்குப் போவதா வேண்டாமா என்று வெகுநேரம் பார்த்துவிட்டு, பின்னால் யாரோ உதைத்தமாதிரி ஒரு குலுக்கலோடு மாறுகிறது.

டவுணில் உள்ள கராச்சுக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் நல்ல பிள்ளை. கையில் பிடிக்கிற ஸ்கேனரைக் கொளுவிப் பார்த்தான். கியர், பிரேக், எஞ்சின் என்று மூன்று இடத்துப் பிழையையும் அது வரிசையாகக் காட்டியது.

"ஐயா, கியர்பொக்ஸ் இறக்கத்தான் வேணும். சாமான் கொழும்பில இருந்து வர ஒரு மாசம் செல்லும்."

மருமகளின் முகம் வாடிப்போயிற்று. எனக்கு மனம் ஒப்பவில்லை.

"தம்பி, மூண்டும் ஒரே நாளில வந்தது. ஒரு உடம்புக்கு மூண்டு வருத்தம் சொல்லிவைச்சு ஒண்டா வருமோ? எங்கயோ ஒரு பிழைதான் மூண்டு இடத்தில தெரியுது."

"கொம்பியூட்டர் சொல்லுது ஐயா."

"உந்தக் கொம்பியூட்டர் எத்தினையாம் வகுப்பு படிச்சது?"

"உங்களைவிடக் கொஞ்சம் கூட, ஐயா."

நானும் சிரித்தேன். ஆனால் அவன் ஸ்பானரை எடுக்க, காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "ரெண்டு கிழமை தா, பதினாலே நாள். அதுக்குள்ள நான் பிடிக்காட்டி நீயே இறக்கு."

வீட்டில் மனைவி வரவேற்றா. "மெக்கானிக்குக்கு மேல ஒரு மெக்கானிக் வந்திருக்கிறார், இருக்கக் கதிரை போடுங்கோ."

மில்லில் ஒரு பாடம் கற்றிருந்தேன். நோய் எப்போது வருகிறது என்று தெரிந்தால் ஏன் வருகிறது என்பது தானாகத் தெரியும். மருமகளிடம் சொன்னேன்: "பிள்ளை, ஒவ்வொரு நாளும் எழுது. எந்த லைட், எந்த இடத்தில, கியர் எப்பிடி." ரீச்சர் அல்லவா, கொப்பியில் கோடு அடித்துக் கட்டம் போட்டாள். விளக்குப் பற்றிய நாளுக்குச் சிவப்புப் புள்ளி, பற்றாத நாளுக்கு நீலப் புள்ளி.

பத்தாம் நாள் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு இருவரும் முழித்தோம். ஒன்றுவிட்ட ஒரு நாள் சிவப்பு. மழையோ, ரோட்டோ, பெற்றோலோ எதுவும் பொருந்தவில்லை. மனைவி தேத்தண்ணீர் கொண்டு வந்து எட்டிப் பார்த்தா.

"இஞ்ச பாருங்கோ. சிவப்புப் போட்ட நாள் எல்லாம் நீங்கள் வயல் காவலுக்குப் போயிட்டு வந்த நாள்."

நான் கொப்பியை மூடினேன். மருமகள் என்னைப் பார்த்தாள்.

விசயம் இதுதான். கதிர் முற்றுகிற காலம் யானை வரும். என் வயலுக்கும் பக்கத்து வயல்காரரின் வயலுக்கும் சேர்த்து ஒரு மின்வேலி; காவல் முறைவைத்து, ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். யாருடைய முறையோ அவர் பற்றரி கொண்டுபோய் வேலிக்குக் கொளுவ வேண்டும். அவர் தன் உழவு இயந்திரத்துப் பற்றரியைக் கொண்டுபோவார். நான் காரினுடையதை. பொழுதுபட முன்னம் கழற்றி, இரவு முழுக்க வேலிக்கு ஓடி இளைத்த பற்றரியை விடிய வந்து பூட்டுவேன். திரும்பக் கழற்றத்தானே போகிறோம் என்று கையால் மட்டும் முறுக்கிவிடுவேன். எங்கள் பக்கத்தில் பற்றரி என்பது கத்தி, மண்வெட்டி மாதிரி. வேண்டிய இடத்துக்கு எடுத்துக்கொண்டு போவோம். அது காரின் ஒரு பாகம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

போய்க் காரின் பொனற்றைத் திறந்தேன். வயர் முனையைத் தொட ஆடியது. கியர்பொக்ஸில் பூட்டியிருந்த ஏர்த்து வயரின் நுனி பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. அரத்தாளால் தேய்த்துத் துடைத்து, இந்தமுறை ஸ்பானரால் இறுக்கினேன். பற்றரியையும் நிறையச் சார்ஜ் போட்டுப் பூட்டினோம்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோக அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயா, கரண்ட் குறைஞ்சா உந்தப் பெட்டியள் எல்லாம் ஒண்டா உளறும். பற்றரியைக் கழட்டினா கியர் தான் பழகினதை மறந்திடும். ஒண்டுவிட்ட ஒரு நாள் அதைத் திரும்ப முதலாம் வகுப்பில கொண்டுபோய் விட்டிருக்கிறியள்!"

பழைய பிழைகளை அழித்தான். கொஞ்ச நாள் மெதுவாக ஓட்டச் சொன்னான். வேலிக்குத் தனியாக ஒரு பற்றரி வாங்கினேன். அடுத்த கிழமை மருமகள் பள்ளியால் வந்தாள், பேத்தியைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்: "மாமா, ஒரு லைட்டும் இல்லை. கியர் வாய்க்கால் தண்ணி மாதிரிப் போகுது. கேட்டுவைச்ச அறை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

இப்போது மெக்கானிக் வருகிறவர்களுக்கெல்லாம் தான் கண்டுபிடித்ததாகச் சொல்கிறான். பள்ளிக்கூடத்தில் மருமகளின் கொப்பியைக் கைமாற்றிப் பார்க்கிறார்களாம். மனைவி கோயிலடியில் சொல்வது வேறு கதை. அதில் நான் பற்றரிக் கள்ளன்.

புள்ளியைப் படித்தது மனைவி, ஒப்புக்கொள்கிறேன். கட்டம் போட்டது மருமகள். பிழை என்னுடையது, நானே எழுதிவிட்டேன். ஆனால் ஸ்பானரை எடுத்தவனுக்கு முன்னால் போய் நின்றது யார்? எழுதிவை என்று சொன்னது யார்? அன்று நான் விலகியிருந்தால் நல்ல கியர்பொக்ஸ் ஒன்று நிலத்தில் பிரிந்து கிடந்திருக்கும், பேத்தி தாயைத் தேடி அழுதிருக்கும். ஆகவே இந்தக் கதையை இனிமேல் யார் சொன்னாலும் நான் காருக்கு முன்னால் நின்ற இடத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் மனைவி கோயிலடியில் திருத்திச் சொல்லட்டும்.