கடைசி வரிசையில் அக்கா

என் மனைவியின் அக்காவைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நான் புடவைக் கடைக்குப் போனேன். சித்திரை மாத வெயில். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றியிருந்தேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மூடிய கண்ணாடிக்குள் வெயில் புகுந்தால் என்ன ஆகும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன்.

பூட்டியது மறதி. அடுத்து நான் சொன்ன பொய்யை மறதிக் கணக்கில் சேர்க்க முடியாது. இத்தனை வருடங்கள் கழித்து எழுத உட்கார்ந்தது அந்தப் பொய்யைப் பற்றித்தான்.

அப்போது எங்களிடம் இருந்தது ஏழு பேர் உட்காரும் வண்டி. முன்னால் இரண்டு பேர், நடுவில் நீள சீட்டில் மூன்று பேர், கடைசி வரிசையில் இரண்டு பேர். கடைசி வரிசைக்குக் கதவு கிடையாது. நடு சீட்டின் பக்கத்தில் ஒரு பிடி இருக்கும். வெளியே நிற்பவர் அதை இழுத்தால் சீட் மடிந்து முன்னால் கவிழும். அந்த இடுக்கில்தான் ஏறி இறங்க வேண்டும். அங்கே கண்ணாடிகள் திறக்காது. ஏசிக் காற்று நடு வரிசையோடு தீர்ந்துவிடும்.

அந்த இடத்தில் எப்போதும் அக்காதான். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். மந்தைவெளியில் சின்னதாக ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். "நான் ஒல்லி, எங்க வேணா மடிஞ்சு உக்காந்துடுவேன்" என்று சிரித்துக்கொண்டே பின்னால் நுழைவார். அவர் சிரித்ததால் அது நியாயம் என்று எடுத்துக்கொண்டோம்.

மகளின் கல்யாணப் புடவை எடுக்கத் தியாகராய நகர் போனோம். என் பக்கத்தில் மனைவி. நடுவில் மகளும், மாப்பிள்ளை வீட்டிலிருந்து சம்பந்தியம்மாவும் அவர் தங்கையும். பின்னால் அக்கா, மடியில் இரண்டு பைகள். கடை வாசலில் வண்டியை நிறுத்தியதுமே போலீஸ்காரர் விசில் ஊதினார். பெண்கள் அவசரமாக இறங்கினார்கள். சீட்டை மடித்து அக்காவை இறக்க நேரமில்லை.

"அக்கா, வண்டிய ஓரங்கட்டிட்டு உங்கள இறக்கறேன்."

"மெதுவா செய்ங்க மாப்ள. நான் எங்க ஓடிடப் போறேன்?"

இரண்டு தெரு தள்ளி இடம் கிடைத்தது. வண்டியை நுழைத்துக்கொண்டிருக்கும்போதே மனைவி போன் செய்தாள். "மூணாவது மாடி, சீக்கிரம் வாங்க. மாதா கோவிலுக்கு வெள்ளையா சந்தன கலரான்னு இங்க ஒரே சண்டை." பேசிக்கொண்டே இறங்கினேன், பேசிக்கொண்டே சாவியின் பட்டனை அழுத்தினேன், பேசிக்கொண்டே நடந்தேன்.

மேலே என் முன்னால் புடவைகள் மலையாகக் குவிந்திருந்தன. நானும் வெள்ளைக்கு ஒரு ஓட்டு, சந்தனத்துக்கு ஒரு ஓட்டு போட்டேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன். அக்கா என்னுடன் வருவார் என்று மனைவி நினைத்திருக்கிறாள். எனக்கு எந்த நினைப்பும் இல்லை. அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். சம்பந்தியம்மாதான் கேட்டார்: "உங்க அக்காவைக் காணோமே, வரலியா?"

பூட்டிய வண்டி அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. ஆனால் வாய் நிதானமாகப் பேசியது. "கால் வலியாம். கார்லயே இருக்கேன், பையெல்லாம் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

புதுச் சம்பந்திகள் முன்னால் முட்டாளாக நிற்கக் கூடாது. அது ஒன்றுதான் காரணம். "என் கண்ணாடிய வண்டியில விட்டுட்டேன், எடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தேன். இதை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது: அந்த மாடி முழுக்க நான் நடந்தே போனேன். ஓடினால் அவர்களுக்குச் சந்தேகம் வரும் என்று, லிஃப்ட் கதவு மூடும் வரைக்கும் நடந்தேன். தெருவுக்கு வந்த பிறகுதான் ஓடினேன்.

வண்டியைச் சுற்றிக் கூட்டம். பார்க்கிங் டோக்கன் கொடுப்பவர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தினார். "இன்னா சார் நீ! உள்ள ஒரு அம்மா கீது, நீ பாட்டுக்கு பூட்டிகினு போய்ட்ட. ஹாரன் அடிச்சிக்கினே இருந்துச்சு!"

அக்கா புடவையோடு நடு சீட்டின் மேல் ஏறி வந்திருந்தார். பின் கதவுகளில் குழந்தைகளுக்கான பூட்டைப் போட்டு வைத்திருந்தேன், உள்ளிருந்து திறக்காது. முன் சீட்டுக்குத் தாண்ட முடியாமல் குடையை நீட்டி, அதன் பிடியால் ஹாரனை அழுத்தியிருக்கிறார். கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி அனல் அடித்தது. அக்காவின் முகம் செம்பருத்தியாகச் சிவந்திருந்தது, ரவிக்கை பிழிந்தெடுக்கலாம் போல் நனைந்திருந்தது. பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தேன். அவர் பாதி குடிப்பதற்குள் நான் சொன்ன முதல் வார்த்தை மன்னிப்பு இல்லை.

"அக்கா, மேல அவங்ககிட்ட, உங்களுக்குக் கால் வலின்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். மீதி சோடாவைக் குடித்தார். மேலே போனதும் மனைவி, "கால் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள். "பரவால்லடி. வெள்ளையே எடு, அதான் நல்லாருக்கு" என்றார் அக்கா. வெள்ளையே எடுத்தோம்.

பொய் அன்றோடு போயிருந்தால் ஒருவேளை நானும் மறந்திருப்பேன். அது வளர்ந்தது. அடுத்த முறை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனபோது மனைவி சொன்னாள், "அக்கா, நீ கார்லயே இரு, உனக்குக் கால் வலி." அதற்கடுத்த முறை யாரும் சொல்லவே தேவைப்படவில்லை. மகளின் பிறந்த வீடு, புகுந்த வீடு, எல்லா உறவிலும் அது வழக்கமாகிவிட்டது: அக்காவுக்குக் காரிலேயே இருக்கத்தான் பிடிக்கும். வண்டியில் கடைசி வரிசையை விரித்துவிட்டால் சாமான் வைக்க இடமே கிடையாது. பைகள், பால் புட்டி, செருப்பு எல்லாம் சீட்டில்தான் கிடக்கும். அதற்கு ஒரு காவல் வேண்டும். காவலுக்கு அக்கா இருந்தார். கதவோரம் உட்கார்ந்து, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, வார இதழ் படிப்பார். பேத்தி பிறந்து, நடந்து, கடலில் கால் நனைத்தது எல்லாவற்றையும் அவர் சாலையிலிருந்தே பார்த்தார். அவர் கால்களில் எந்த வலியும் கிடையாது என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

போன வருடம் புது வண்டி வாங்கினோம். பெரும்பாலும் மகள்தான் ஓட்டுகிறாள். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தது நான். ஷோரூம் பையன் எஞ்சினைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். நான் அவனை நிறுத்தி, "முதல்ல கடைசி வரிசையக் காட்டுப்பா" என்றேன். என் வயதில் ஒருவர் அங்கே நுழைவதை அவன் பார்த்ததில்லை போலிருக்கிறது. நடுவில் நீள சீட் இல்லை. தனித்தனியாக இரண்டு நாற்காலிகள், அவற்றுக்கு நடுவே நடந்து போக ஒரு வழி! எதையும் மடிக்க வேண்டாம், யாரையும் கூப்பிட வேண்டாம். கடைசி வரிசைக்குத் தனியாகக் கூரையில் இரண்டு காற்றுத் துவாரங்கள், அங்கேயே கூட்டிக் குறைக்கத் தனித் திருகு. நான் அதைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "சார், இறங்கறீங்களா?" என்று அவன் மூன்று முறை கேட்டான்.

வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்குக் கோவில் வாசலில் பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி வண்டியை மந்திரித்தார். எல்லாக் கதவுகளையும் திறக்கச் சொல்லி உள்ளேயும் தீர்த்தம் தெளித்தார். அவர் நகர்ந்ததுதான் தாமதம், ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தோம். பேத்தி பட்டன்களை எல்லாம் அழுத்தினாள். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த என் மனைவி திடீரென்று துள்ளினாள்.

"அய்யய்யோ, கீழருந்து காத்து வருதுங்க!"

"பாட்டி, அது சீட்டு ஏசி!"

"உக்கார்ற எடத்துக்கெல்லாமா ஏசி வைப்பாங்க? நிறுத்துடி, கூசுது!" கொஞ்ச நேரம் கழித்து, "சரி, மறுபடியும் போடு" என்றாள்.

டாஷ்போர்டுப் பெட்டிக்குள் குளிர்காற்று வருவதை மகள் கண்டுபிடித்தாள். மனைவி உடனே தலையில் வைக்காமல் மீதி வைத்திருந்த மல்லிகைச் சரத்தை அதில் போட்டாள். பேத்தி கடைசி வரிசைக்கும் முன்னுக்கும் நடுவழியில் ஓடினாள். அக்காவும் ஏறி, நடு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, கைப்பிடியைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கினார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

அப்போதுதான் மனைவி திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "இனி உனக்கு ராஜயோகம்தான்கா. நாங்கெல்லாம் எறங்கிப் போனாலும் நீ பாட்டுக்கு ஜில்லுன்னு உள்ளயே உக்காந்திருக்கலாம். உனக்குத்தான் அது பிடிக்குமே."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. இந்த வண்டியிலும் அவரை அப்படியே உட்கார வைக்கப் போகிறோம் என்று தெரிந்தது. வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன் பேசிக்கொண்டே பூட்டியது, காபி குடித்தது, கால் வலி என்று புளுகியது, லிஃப்ட் வரை நடந்தது, சோடா. மகள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். மனைவி அக்கா பக்கம் திரும்பினாள்.

பேத்தி கேட்டாள், "பெரிய பாட்டி, உங்களை எல்லாரும் மறந்துட்டாங்களா?"

அக்கா கைப்பிடியை மெதுவாக இறக்கி வைத்தார். இறங்கினார். "ஏன் மாப்ள இப்ப சொன்னீங்க?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். பிறகு தெருவில் போன ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார். அடையாறில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தோம். யாரும் போகவில்லை.

அன்று சாயங்காலம் மந்தைவெளிக்குப் போனேன். கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். அந்த மரியாதை திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"அன்னிக்குக் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்ப இப்பக் கேக்கறேன்கா" என்றேன்.

"வெயில்ல கெடந்தத நான் என்னிக்கோ விட்டுட்டேன் மாப்ள" என்றார். "உங்க பொய்யி எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு. தங்கச்சி புருஷன் என்னை மறந்துட்டுப் போய்ட்டார்னு சொல்றதவிட, நானே கார்ல இருந்துக்கறேன்னு சொன்னா கொஞ்சம் கௌரவமா இருக்குல்ல? அதப் பிடிச்சுக்கிட்டுதான் இத்தன வருஷம் உக்காந்திருந்தேன். இன்னிக்கு அந்தப் புள்ள என்னப் பாத்துச்சு பாருங்க, பாவம்னு பாத்துச்சு. அத்தன பேர் முன்னாடி."

"அப்ப நான் சொல்லாம இருந்திருக்கணுமா?"

"சொல்லியிருக்கணும். மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். தனியா."

உண்மையைச் சொல்லும்போதும் என் பாரத்தை இறக்குவதைத்தான் பார்த்திருக்கிறேன். அது யார் மடியில் போய் விழுகிறது என்று பார்க்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தேன். வெளியே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். அக்கா ஜன்னலருகே போய்க் கீரை விலை கேட்டார், வேண்டாம் என்றார், திரும்பி வந்தார்.

"புது வண்டிக்கு ரெண்டு சாவி குடுப்பாங்கல்ல?"

"ஆமாக்கா."

"இன்னொண்ணு எங்க இருக்கு?"

"எங்க வீட்டு பீரோல."

"அது எனக்கு வேணும்."

எழுபதைத் தாண்டியவன் நான். சாவியை எடுக்க வீட்டுக்கு ஓடினேன். எங்கள் தெருவில் அன்று நான் போன வேகத்தைப் பார்த்து, தெரிந்தவர் ஒருவர் "யாருக்காவது உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டார். "இல்ல, இல்ல, சாவி, சாவி!" என்று சொல்லிக்கொண்டே போனேன். மனைவி பீரோவைத் திறந்து சாவியை எடுத்துத் தந்தாள். அதை ஒரு கவரில் போடலாம் என்றாள், அதற்கும் நான் நிற்கவில்லை. அக்கா சாவியை வாங்கி, பட்டன் ஒவ்வொன்றும் எதற்கு என்று என்னைச் சொல்ல வைத்தார். பூட்டு, திற, பின் கதவு. இரண்டு முறை கேட்டுக்கொண்டு கைப்பையின் உள் ஜிப்பில் போட்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று வாரம் எங்களோடு எங்கும் வரவில்லை. நாலாவது ஞாயிறு அவரே போன் செய்தார். "பீச்சுக்குப் போறீங்களாமே. நான் முன் சீட்டு."

பெசன்ட் நகரில் வண்டி நின்றது. பழக்கதோஷத்தில் மனைவி, "அக்கா, நீ..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்கா ஏற்கெனவே இறங்கியிருந்தார். பைகளையும் செருப்புகளையும் பின்னால் சாமான் அறையில் அடுக்கச் சொன்னார். இந்த வண்டியில் கடைசி வரிசையை விரித்த பிறகும் அங்கே தாராளமாக இடம் இருந்தது. பிறகு ஒரு கதவைத் திறந்து, உள்ளே தலையை நீட்டி, நடு நாற்காலிகளைப் பார்த்தார். நடுவழியில் ஒரு காலை வைத்து ஏறிக் கடைசி வரிசையையும் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகே கதவைச் சாத்தி, தன் சாவியால் பூட்டினார். கதவின் கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

"இப்ப வாங்க" என்று சொல்லிவிட்டுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கினார். நல்ல வேகமாக நடந்தார்.

இப்போதும் எங்கே போனாலும் அவர்தான் பூட்டுகிறார். நாங்கள் எல்லோரும் வெயிலானாலும் மழையானாலும் வண்டிக்கு வெளியே நின்று, அவர் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறோம்.