நீலக் கொழுந்தும் நான் சொன்ன பொய்யும்

ஒரு பாட்டைப் பாடியவரைப் பற்றி நான் வானொலியில் பொய் சொன்னேன். பிறகு, அதை நம்பி என்னைத் தேடி வந்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைப் பெரிதாக்கினேன். ஒலிப்பதிவுத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். மைக் வைக்கும் முறையை அவர்கள் யாரிடமும் கற்றுக்கொள்ளலாம்.

1. கள்ள வேலை

பதுளை நகரத்தில் எனக்கு ஒரு ரெக்கோடிங் பார், அதாவது பாட்டுப் பதியும் கடை, இருந்தது. கசெட் காலம் முழுவதும் மற்றவர்களின் பாட்டுகளைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். கசெட் போனதும் பின்னறையை ஒலிப்பதிவு அறையாக்கினேன். திருவிழா விளம்பரம், பக்திப் பாட்டு, மரண அறிவித்தல் என்று ஏதோ வேலை வந்துகொண்டிருந்தது.

ரமணன் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். நால்வர் கொண்ட ரொக் இசைக்குழுவில் அவன் பாடகன், கிட்டாரும் அவன்தான். கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசிப்பதுதான் அவர்களுக்குச் சோறு போட்டது.

“ஐயா, ஒரு கள்ள வேலை இருக்கு,” என்று ஒருநாள் வந்தான்.

“பொலிஸ் வருமா?”

“மாமியார்மாருதான் வருவாங்க. இந்தச் சத்தத்தக் கேட்டா எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிட மாட்டாங்க. எங்க பேரு மட்டும் வெளிய வரக்கூடாது.”

அறுபதுகளின் கடைசியில் மேல்நாட்டில் எழுந்த சைக்கடெலிக் இசையில் அவர்களுக்குப் பித்து. குரல் சுழலும், கிட்டார் பின்னோக்கி ஓடும், பாட்டின் நடுவே கனவு புகுந்துவிடும். அந்தக் காலத்தில் நம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலும் அப்படி ஒரு குழு இருந்திருந்தால் எப்படிப் பாடியிருக்கும்? அதைச் செய்து பார்த்து அந்த இசைக்கு வணக்கம் சொல்ல நினைத்தார்கள். புனைபெயர் ‘நீலக் கொழுந்து’.

அதற்கு என் பழைய ஸ்பூல் நாடா மெசின்கள் வேண்டியிருந்தன. ஒரே பாட்டை இரண்டு மெசினில் ஒன்றாக ஓடவிட்டு, ஒரு ஸ்பூலின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து இலேசாக அழுத்தினேன். ஒன்று ஒரு மயிரிழை பின்தங்கியதும் முழுப் பாட்டும் ஆகாயத்தில் சுழன்றது. கிட்டாரைப் பதிந்து நாடாவைத் திருப்பிப் போட்டோம். தேயிலைப் பெட்டிக்குள் ஸ்பீக்கரை வைத்து, குரலை அதன் வழியே அனுப்பி மறுபடி பிடித்தோம். ‘லயத்துக் கூரையில மீனு மேயுது’ என்று ரமணன் பாடியபோது அந்தக் குரலுக்கு வயதும் இல்லை, ஊரும் இல்லை.

“சுத்துதா ஐயா?”

“எனக்கே தலை சுத்துது. போதும், நிறுத்து.”

என் வாழ்நாளில் நான் செய்த மிக நல்ல வேலை அதுதான். யூடியூபில் புனைபெயரையும் ‘பதுளை’ என்பதையும் மட்டும் போட்டார்கள். கேட்டவர்கள் தாங்களாகவே அதைப் பழைய பதிவு என்று முடிவு செய்துகொண்டார்கள்.

2. “இருக்கலாம்”

கொழும்பிலிருந்து வானொலித் தயாரிப்பாளர் ஒருவர் அழைத்தார். “சேர், நீலக் கொழுந்து உங்க ரெக்கோடிங்னு கேள்விப்பட்டோம். எந்தக் காலத்துல எடுத்தது?”

பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நான் செய்த வேலையைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. இளைஞனாக இருந்தபோது நானே பதிந்தது என்றேன். பாடியவன் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்துப் பையன், மலையகத்தாரை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பிய ஒப்பந்தத்தில் கப்பலேறினான், அப்புறம் தகவலே இல்லை என்றேன். பேட்டி ஒலிபரப்பானது. கேட்டுவிட்டு ரமணன் சிரித்தான். “பொய் பெரிசா இருக்கே ஐயா!”

அடுத்த வாரம் பாக்கியம் என்ற பெண் வந்தார். கொழுந்து பறித்து ஓய்ந்தவர். அவருடைய அண்ணன் தர்மலிங்கம் அப்படித்தான் கப்பலேறிப் போய், கூடலூரிலிருந்து இரண்டு கடிதம் போட்டு, பிறகு மௌனமானவர்.

“எங்க அண்ணனும் இப்பிடித்தான் அர்த்தமில்லாமப் பாடிக்கிட்டே திரிவாரு. இது அவரு கொரல்தானுங்களே?”

“பேரு ஞாபகம் இல்லம்மா,” என்றேன்.

“கொரலு?”

“இருக்கலாம்.”

அவர் என் மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

3. வாசலில் நின்று சொன்னது

சில மாதங்கள் கழித்து ரமணன் கோபமாக வந்தான். பாக்கியத்தின் தோட்டத்துக் கல்யாணமொன்றில் அவர் ரமணனுக்குத் தன் கைபேசியில் அவன் குரலையே போட்டுக் காட்டியிருக்கிறார்.

“‘எங்க அண்ணன் பாட்டு, கேளு தம்பி’ங்கிறாங்க. எனக்குச் சோறு எறங்கல. ஆடி அமாவாசைக்கு அண்ணனுக்குப் படைக்கிறத நிறுத்திட்டாங்களாம். நீங்க ‘இருக்கலாம்’னு சொன்னத வச்சு, அண்ணன் உசுரோடயே இருக்காருன்னு நம்பிட்டாங்க. உசுரோட இருக்கிறவருக்கு எப்பிடிப் படைக்கிறதுன்னு கேக்குறாங்க. அவரத் தேடிப் போக பாஸ்போட்டுக்கு வேற ஓடுறாங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

மறுநாள் இருவரும் பாக்கியத்தின் வீட்டுக்குப் போனோம். உட்காரச் சொன்னார்; நான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரமணன் அந்தப் பாட்டின் இரண்டு அடியைப் பாடினான். பாக்கியம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“தெரியாதுன்னு சொல்லியிருந்தா அழுதுட்டு வீட்டுக்கு வந்திருப்பேனே ஐயா. இப்ப அவரு இருக்காரா, இல்லையா? நான் படைக்கவா, வேணாமா?” என்றார். பிறகு, “பொய்ய ஊருக்கே கேக்கச் சொன்னீங்கல்ல. இதையும் அப்பிடியே சொல்லி விசாரிங்க,” என்றார்.

“எங்க பேரையும் சொல்லிருங்க. கல்யாணம் போனாப் போகட்டும்,” என்றான் ரமணன்.

அதே நிகழ்ச்சியில் போய் ஒப்புக்கொண்டேன். நால்வரின் பெயரையும் சொன்னேன். தர்மலிங்கத்தின் தோட்டம், பெற்றோர் விவரம் சொல்லி, தெரிந்தவர்கள் அறிவிக்கும்படி கேட்டேன். கேட்டவர்கள் திட்டித் தீர்த்தார்கள், தகும். நண்பர் ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. குழுவுக்கு வரும் கல்யாணங்கள் மட்டும் குறையவில்லை. இப்போது மாப்பிள்ளைத் தோழர்களே ‘மீன் பாட்டு’ கேட்கிறார்களாம்.

அந்த ஒலிபரப்பு கைபேசி கைபேசியாகக் கூடலூர் போய்ச் சேர்ந்தது. ஒரு பெண் அழைத்தார். நான் எங்கும் சொல்லாத பாக்கியத்தின் செல்லப்பெயரைச் சொல்லி, “பாப்பாத்தி அத்தை இருக்காங்களா?” என்று கேட்டார். தர்மலிங்கத்தின் மகள். அப்பா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. கடிதங்கள் ஏன் நின்றன என்று அவருக்கும் தெரியவில்லை. அப்பா பாடி அவர் கேட்டதே இல்லையாம்.

இறந்த திதி மட்டும் சரியாகத் தெரிந்திருந்தது: புரட்டாசி, வளர்பிறைத் தசமி.

திதி தெரியாதவர்களுக்குத்தான் அமாவாசை. இந்தப் புரட்டாசியில் பாக்கியம் அண்ணனுக்கு அவருடைய நாளிலேயே படைத்தார். எங்களையும் கூப்பிட்டிருந்தார். “செத்தது தெரிஞ்சு நிம்மதியா இருக்குன்னா ஊரு என்னையத் திட்டும். ஆனா நெசமாவே நிம்மதியா இருக்கு ஐயா,” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சொல்லும் தகுதி இல்லாததால் சொல்லவில்லை.

இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சத்தத்தை எப்படி வேண்டுமானாலும் சுழற்றுங்கள். அது யாருடைய குரல் என்று ஒருவர் கேட்டால், அந்த இடத்தில் கைவைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கூடலூரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. “அத்தை, இலையக் காட்டுங்க,” என்றார் மருமகள். பாக்கியம் கைபேசியைப் படையல் இலைக்கு மேலே பிடித்து, “இது கருவாட்டுக் கொழம்பு. உங்கப்பாவுக்கு இதுன்னா உசுரு, தெரியுமா?” என்று ஆரம்பித்தார். தெரியாது என்றார் மருமகள். பாக்கியம் சொல்லிக்கொண்டே போனார்.